மந்தைவெளி ஸ்டாப்பில் எழும்பாத ஒரு புள்ளி

நீங்க சிரிச்சாலும் பரவாயில்ல, சொல்லிடறேன். பேய், ஆவின்னு யாராவது ஆரம்பிச்சா எழுந்து போயிடற ரகம் நான். கணக்குல வராத எதையும் நம்பமாட்டேன். இது கணக்குலயே வந்துச்சு, அதான் வம்பு.

எழுபதுகள்ல அடையாறு பக்கம் ஒரு ஆராய்ச்சிக் கூடத்துல வேலை. பஸ் பிரேக் போட்டு நின்னு கிளம்புற இடத்துல ரோடு ஏன் சீக்கிரம் கெட்டுப்போகுதுன்னு கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கணும். தார், ஜல்லி, மண்ணு எவ்வளவு கனம்னு குடுத்து மேல ஒரு பஸ்ஸை ஓடவிட்டா, ரோடு எந்தெந்தப் புள்ளியில எவ்வளவு அமுங்கி எழும்புதுன்னு அச்சடிச்சு வரும். அப்பல்லாம் கம்ப்யூட்டருக்குக் கணக்கைக் குடுக்கறது ஓட்டை போட்ட அட்டைக் கட்டாத்தான், இன்னிக்குக் குடுத்தா நாளைக்குத்தான் பதில். ஆபீஸ்ல எடுத்துக்கிட்டது எங்க மந்தைவெளி ஸ்டாப் ரோடு.

எனக்கு அந்த ஸ்டாப் ஆகாது. என் சம்சாரம் சரோஜா சாயங்காலமானா அங்க வந்து எனக்காக நிப்பா. இளம்பிள்ளை வாதத்துல இடது கால் சூம்பினவ, வராதேன்னாலும் கேக்கமாட்டா. அவ செத்துப்போனதுலேர்ந்து நான் ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி, சந்து சந்தா சுத்திக்கிட்டு வீட்டுக்குப் போவேன்.

கணக்கு வந்துச்சு. பஸ் வந்து, நின்னு, போயிடுச்சு. ரோடு எழும்பிடணும் இல்லையா? ஸ்டாப்கிட்ட ஒரு புள்ளி மட்டும் எழும்பல, ஒரு ஆள் நிக்கற அளவுக்கு அமுங்கியே இருக்கு. வேற யாரோட அட்டையோ என் கட்டுல கலந்திருக்கும், அடிக்கடி நடக்கறதுதான், ஆபரேட்டர் தனபால்கிட்ட சண்டைக்கே போயிட்டேன். அவர் ஒவ்வொரு அட்டையா புரட்டிப் பாத்துட்டு, "இன்னா சார், எல்லாம் கரெக்டாதான் கீது. உங்க பஸ்ஸைத் தவிர வேற லோடே இல்ல"ன்னார். திரும்ப ஓட்டினோம், மறுநாளும் அதேதான்.

பயம் வரல, நம்பினா நம்புங்க, அழுகைதான் வந்துச்சு. நான் சந்துல சுத்திக்கிட்டு இருந்திருக்கேன், அவ அங்கயே நின்னுக்கிட்டு இருந்திருக்கா. அன்னிக்கு அந்த ஸ்டாப்லயே இறங்கினேன். வெயில்கூட தாழல, பூக்காரம்மா பாக்குதேன்னுகூட இல்லாம, "வா சரோ, போலாம்"னு வாய்விட்டுச் சொல்லிட்டு, அவ நடைக்கு ஏத்தாப்ல மெதுவா வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாள் அதே அட்டைக் கட்டைத் திரும்ப ஓட்டச் சொன்னேன். பஸ் போனதும் அந்தப் புள்ளி எழும்பிடுச்சு. உடனே பக்கத்துப் புள்ளி அமுங்குது, அப்புறம் அடுத்தது, எங்க தெருப்பக்கமாவே. ஒண்ணு அழுத்தமா, ஒண்ணு லேசா, மாறி மாறி.

நான் குடுத்த ரோடு தெருமுனையோட முடிஞ்சுபோச்சு. வீடு வரைக்கும் அட்டை அடிச்சுச் சேக்கலாமான்னு தனபால் கேட்டார். வேணாம்னுட்டேன். நடுவுல எங்கயாவது நின்னுபோயிருந்தா நான் தாங்கமாட்டேன். இன்னிக்கும் வெளிய போயிட்டு வந்தா வாசக்கதவை உடனே சாத்தறதில்ல, கொஞ்சம் பொறுத்துத்தான் சாத்துவேன். அவ மெதுவாத்தானே வருவா.