அப்பா கேட்டு வாங்கிய சுவர்

ஜன்னலைத் திறந்ததும் சேற்று நாற்றம் முகத்தில் அடித்தது. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குப் பின்னால் ஓடும் கால்வாயின் தடுப்புச் சுவரை பெக்கோ இயந்திரம் இடித்துக்கொண்டிருந்தது. இப்போது எல்லா வீட்டிலும் குழாய்த் தண்ணீர்தான். மீன்கள் ஏறட்டும் என்று சுவரை எடுக்கிறார்களாம்.

அந்தச் சுவரைக் கேட்டு வாங்கியவரே அப்பாதான். நான் சிறுமியாக இருந்தபோது கடல்நீர் கால்வாயில் ஏறிக் கிணறுகளை உப்பாக்கியது. அம்மா ஊற்றும் தேநீரும் உப்புக் கரித்தது. அப்பா வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தார். சுவர் வந்தது, தேநீர் தேறியது. ஆனால் கடலிலிருந்து ஏறி வரும் மணலை என்னும் மீன்கள் சுவரடியில் முட்டிக்கொண்டு நின்றன.

ஞாயிறு தோறும் அப்பா சாரத்தை மடித்துக் கட்டி இறங்குவார். மீன்களை வலையால் அள்ளி, வாளியில் தூக்கிப் போய், சுவருக்கு மேற்பக்கம் விடுவார்.

"குழம்புக்கு ரெண்டு கொண்டுவந்தா என்ன?" என்பார் அம்மா.

"வழியை மறிச்சதே நான். பிடிச்சுத் தின்னவும் வேணுமோ?"

அப்பா காய்ச்சலில் படுத்த ஒரு ஞாயிறு என்னை அனுப்பினார். கால்வாய்ப் பாலத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் நின்றார்கள். வெட்கத்தில் தண்ணீரில் இறங்காமலே திரும்பிவிட்டேன்.

"எத்தனை விட்டனீ, பிள்ளை?"

"ஏழு, அப்பா."

அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

சுவரை இடித்து முடித்த அன்று பின்னேரம், கடல்நீர் ஏறியதும் நான் கால்வாய்க் கரைக்குப் போனேன். சுவர் இருந்த இடத்தைத் தாண்டி மணலைகள் ஏறிக்கொண்டிருந்தன. ஏழு வரை எண்ணிவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன்.