எலி கடித்த குழாய்

நான் நாலாம் வகுப்பு படித்தபோது மாமா எங்களுக்கு ஒரு காரைக் கொடுத்தார். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். புதிதாக வாங்கி எட்டு வருடம் அவர் ஒருவரே ஓட்டிய கார். இன்னொரு கார் வாங்கியதும் பழையதைத் தங்கைக்கு என்று ஒதுக்கிவிட்டார். அப்பாவுக்கு இதில் சம்மதமில்லை. கோயமுத்தூர் பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் ஃபிட்டராக இருந்த அவர், மச்சான் கொடுத்த வண்டி வாசலில் நிற்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்தார். அம்மா இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தாள். மூன்றாம் நாள் அப்பா சாவியை வாங்கிக்கொண்டார்.

“ஒரு கொறையும் இல்லீங்க மாப்ளை. மலைக்கெல்லாம் தைரியமாக் கொண்டு போலாம்” என்று மாமா பானெட்டைத் தட்டிக் காட்டினார்.

மூன்று மாதம் கழித்து மலைக்குப் போனோம். வால்பாறையில் அத்தை பையனுக்குக் காதுகுத்து. ஆழியாறு வரைக்கும் நல்ல வெயில். நாலைந்து கொண்டை ஊசி வளைவு ஏறியதும் மேகம் வந்து மூடிக்கொண்டது, பின்னாலேயே மழை. ஜன்னல்களை ஏற்றிவிட்டோம். கொஞ்ச நேரத்தில் முன்கண்ணாடி உள்பக்கமாக வெளுக்க ஆரம்பித்தது. ஏசி இல்லாத கார் அது. அப்பா ஹீட்டரைத் திருகினார். உஸ்ஸென்று சத்தம் வந்ததே தவிர கண்ணாடி தெளியவில்லை, இன்னும் வெளுத்தது. அம்மா ஒரு துண்டைக் கொடுத்து என்னைத் துடைக்கச் சொன்னாள். இரண்டு சீட்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு துடைத்தேன். கையை எடுப்பதற்குள் ஆவி மறுபடி படிந்தது.

ஒரு வளைவில் கண்ணாடி முழுக்க மஞ்சள் வெளிச்சம் பரவியது. ஹாரன் சத்தம் காருக்குள்ளேயே கேட்பதுபோல் இருந்தது. அப்பா இடதுபக்கம் ஒடித்தார். எதிரே வந்த பஸ் உரசாமல் மலையிறங்கிப் போய்விட்டது, எங்கள் டயர் ஓரச் சுவரில் தேய்ந்து நின்றது. சுவருக்கு அந்தப்பக்கம் வெறும் மேகம். அதன்பிறகு அப்பா ஜன்னலை இறக்கி, தலையை மழையில் நீட்டிக்கொண்டே வால்பாறை வரை ஓட்டினார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஊருக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்ட முதல் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டோம். அப்பாவின் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. “நீங்க எதுத்தாப்பல டீக்கடையில அடுப்போரமா உக்காருங்க, நான் பாத்துக்கறேனுங்க” என்று அம்மா அவரை அனுப்பினாள்.

குரங்குக் குல்லா போட்ட மெக்கானிக், கண்ணாடிக்குக் கீழே காற்று வரும் துளையில் முதலில் தன் கையை வைத்தார், பிறகு என் கையையும் வைத்தார். “சில்லுன்னு இருக்குதா கண்ணு? ஃபேன் ஓடுது, காத்து வருது. சூடுதான் இல்லை.” பானெட்டைத் திறந்து உள்ளே கையை விட்டுத் துழாவினார். எஞ்சினின் சுடுதண்ணீரை ஹீட்டருக்குக் கொண்டுபோக இரண்டு ரப்பர் குழாய்கள் இருக்க வேண்டுமாம். இரண்டுமே இல்லை. அவை தொடங்குகிற இடத்தில் ஒரு சின்னத் துண்டுக் குழாயை வளைத்து, இரண்டு பக்கமும் கிளாம்ப்பு போட்டு முறுக்கியிருந்தது. தண்ணீர் ஹீட்டர் பக்கமே போகாமல் அப்படியே திரும்பிவிடும்.

“தானா ஆனதில்லீங்க அம்மணி. எப்பவோ குழாய் வெடிச்சிருக்கும். புதுசு போடச் சோம்பல்பட்டு இப்பிடிக் கட்டி உட்டுப்போட்டாங்க. கோயமுத்தூர்ல ஓட்டுற வண்டிக்கு ஹீட்டரு எதுக்குன்னு நெனச்சிருப்பாங்க.”

“எப்பப் பண்ணுனதுங்கண்ணா?”

“கிளாம்ப்பு துருப்புடிச்சுக் கெடக்குதுங்களே. ரெண்டு வருசத்துக்குக் கொறையாதுங்க.”

“அப்ப மாமாகிட்ட இருக்கறப்பவே ஆனதாம்மா?” என்று கேட்டேன். அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். டீக்கடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “அவரு வந்து கேட்டா எலி கடிச்சிருந்துச்சுன்னு சொல்லிப்போடுங்கண்ணா” என்றாள்.

மெக்கானிக் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சரிங்க அம்மணி” என்றார்.

புதுக் குழாய்களை அளந்து வெட்டி மாட்டினார். ரேடியேட்டரில் தண்ணீர் நிரப்பி, குமிழி அடங்கும்வரை எஞ்சினை ஓடவிட்டார். துளையிலிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது. கண்ணாடியின் கீழ்விளிம்பில் இரண்டு இடம் தெளிந்து, அது மெல்ல மேலே விரிந்து, ரோட்டுக்கு அந்தப்பக்கத்து டீக்கடையும் அப்பா எழுந்து வருவதும் தெரிந்தன.

கழற்றிப்போட்ட துண்டுக் குழாய் மட்கார்டின் மேல் கிடந்தது. அப்பா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கத்தியால் அறுத்த ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

“என்னங்க ஆச்சு?”

“எலிங்க” என்றார் மெக்கானிக். “இங்கெல்லாம் சகஜமுங்க.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “பெரிய எலியாட்டம் இருக்குது” என்று சொல்லி அதை வைத்துவிட்டார். அப்பா நன்றாக ஏமாந்துவிட்டார் என்று நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்காக அடக்கிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டில் சாப்பாடு. மாமாவும் அப்பாவும் பக்கத்துப் பக்கத்து இலை. ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்தபடியே அப்பா, “மச்சான், உங்க ஊட்ல எலித்தொல்லை ஜாஸ்திங்களா? காருக்குள்ள பூந்து ஹீட்டர் குழாயைக் கடிச்சுப்போட்டிருக்குதுங்க. மலையில கண்ணாடி தெரியாம, பொண்டு புள்ளையோட பஸ்ஸுல மோதப் பாத்தோமுங்க” என்றார். குரலில் கோபமே இல்லை. அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். மாமா பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

அவருக்கு எலி என்றால் அவ்வளவு அருவருப்பு என்று நினைத்துக்கொண்டேன். பாவமாக இருந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு கார் ஷெட்டுக்குப் போனேன். டயர் இடுக்கு, சாக்கு மூட்டை, பழைய பெட்டி என்று ஒன்று விடாமல் தேடினேன். ஒரு புழுக்கைகூட இல்லை. ஓடிவந்து, கூடத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த மாமாவிடம், “கவலப்படாதீங்க மாமா, உங்க ஊட்ல எலியே இல்லீங்க” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

மாமாவுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.