பத்தாவது கோது

பத்துத் துப்பாக்கி ரவை கொடுத்தால் பத்துக் கோது திரும்பி வர வேண்டும். ஒன்பது வந்தால் ஒருவரும் வீட்டுக்குப் போக முடியாது. எங்கள் சுடுதளத்தின் சட்டம் அது. சட்டம் என்னவோ கிளப்புடையது. அதைப் பிடித்துக்கொண்டு எல்லோர் உயிரையும் வாங்கியவள் நான். சுட்டபின் துவக்கிலிருந்து வெளியே விழுகிற பித்தளைக் கூட்டைத்தான் கோது என்போம். சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லாத சாமான். அதற்காக என் அக்காவைப் பத்துப் பேர் முன்னால் திருடியைப் போல நிற்க வைத்தேன்.

அக்கா கண்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் கிளார்க்காக இருந்தாள். கம்பனிகளுக்கிடையே சுடுகிற போட்டி வைத்தார்கள், பெண்கள் அணிக்கு ஆள் குறைந்தது. யார் எதைக் கேட்டாலும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவள் என்பதால் இவள் பெயரைப் போட்டுவிட்டார்கள். அம்பிட்டியப் பக்கம் மலையை வெட்டி எடுத்த ஓர் இடத்தில் பயிற்சி. முன்னால் மண்மேடு, மேலே தகரம், கீழே ஆறு பாய். நாற்பத்திரண்டு வயதில் முதல் தடவையாகப் பாயில் குப்புறப் படுத்தாள். பத்தில் ஏழு ரவையைக் கறுப்பு வட்டத்துக்குள் போட்டாள். எழுந்து முழங்கையைத் தடவிக்கொண்டு, "என்னடி இது, கிறுக்கு மாதிரி இருக்கு, ஆனா நல்லாத்தான் இருக்கு" என்றாள். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் தவறவிட்டதில்லை.

நான் துணைக்குப் போனவள். மருந்துக்கடையில் ஸ்டொக் பார்ப்பவள் என்று தெரிந்ததும் கிளப் செயலாளர் கோதுப் புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டார். அவர் ஓய்வுபெற்ற இராணுவக்காரர், சிங்களவர், என்னை நங்கி என்று தங்கச்சி முறை சொல்லித்தான் கூப்பிடுவார். "சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்துக்கு இதை எண்ணு நங்கி" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது. நாலு வருடத்தில் என்னைக் கண்டால் அங்கே சுட வருகிற டொக்டர்மார்கூடப் பையைத் தட்டிக் காட்டிவிட்டுப் போகிற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

சுடுதளத்துக்கென்று மரியாதைகள் இருக்கின்றன. சிவப்புக் கொடி ஏறியிருக்கும்வரை கோட்டைத் தாண்டி ஒரு விரல்கூட நீளக்கூடாது. கோது முன்னால் விழுந்தால் விழட்டும். கொடி இறங்கிய பிறகுதான் பொறுக்கலாம். பக்கத்துப் பாய்க்காரரின் கோது உன் பாயில் விழுந்தாலும் அது அவருடையது, தொடாதே. சூடான கோது உடம்பில் பட்டாலும் துள்ளக்கூடாது, துள்ளினால் துவக்கின் வாய் திரும்பிவிடும். ஒருமுறை இடப்பக்கத்துக்காரரின் கோது பறந்து வந்து அக்காவின் சட்டைக் கழுத்துக்குள் விழுந்துவிட்டது. அவள் அசையவே இல்லை. துவக்கை மெதுவாகக் கீழே வைத்து, போல்டைத் திறந்துவிட்டு, பிறகுதான் எழுந்து சட்டையை உதறினாள். கழுத்தெலும்புக்குக் கீழே அரிசியளவு ஒரு தழும்பு. "ஐயோ, கத்தக்கூடத் தெரியாதா உனக்கு?" என்று நான்தான் கத்தினேன்.

நான் ஏன் அவ்வளவு கறாராக இருந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நாங்கள் கட்டுகஸ்தோட்டையில் வளர்ந்தவர்கள். யுத்த காலத்தில் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் எங்கேயோ பொறுக்கிய கோது ஒன்றை அழகுக்காகச் சாவிக்கொத்தில் மாட்டியிருந்தார். படையினர் வீடு வீடாகச் சோதனைக்கு வந்த நாளில் அந்தச் சாவிக்கொத்து மேசையில் கிடந்தது. அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தார், ஒரு காது கேட்கவில்லை. எங்கள் கிளப்பில் தமிழர் என்று நாங்கள் இரண்டு பேர்தான். தன் ஆளென்றால் விட்டுவிடுகிறாள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று எனக்குள் ஓர் உதறல் எப்போதும் இருந்தது. யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவர்கள் சொல்வதற்கு முன்பே நானே பயந்து செத்தேன்.

அன்று ஞாயிறு, தூறல். அக்கா நாலாம் பாயில், அவள் வழக்கமாக எடுக்கிற நாலாம் நம்பர் துவக்கோடு படுத்திருந்தாள். ஒவ்வொரு வெடிக்கும் இடையில் நெடுநேரம் எடுத்தாள். எல்லோரும் முடித்து டீக்குப் போய்விட்டார்கள், இவள் இன்னும் மண்மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவழியாக எழுந்து வந்து கோதுகளை என் தட்டில் கொட்டினாள். எண்ணினேன். ஒன்பது. மறுபடி எண்ணினேன். ஒன்பதேதான்.

டீக்குப் போனவர்களையெல்லாம் கூப்பிட்டேன். பாய்களை உதறினோம். விளக்குமாற்றால் கூட்டினோம். தகரத்துக்குக் கீழே இருந்த தண்ணீர்க் கானில்கூட ஒருவர் கையை விட்டுத் தேடினார். அரை மணி நேரம் போயிருக்கும். அப்போதுதான் பார்த்தேன், அக்கா மட்டும் தேடாமல் ஜக்கெட் பையில் கையை விட்டுக்கொண்டு நின்றாள்.

"அக்கா, பையில என்ன?"

"ஒண்ணுமில்ல."

"கைய வெளிய எடு."

"வீட்டுக்குப் போய்ப் பேசுவோம்டி. எல்லாரும் பாக்கிறாங்க."

"பாக்கட்டும். மொதல்ல நீ கைய வெளிய எடு."

எடுத்தாள். உள்ளங்கையில் பத்தாவது கோது இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். பொருள் கிடைத்துவிட்டது, எண்ணிக்கை சரி, முடிந்தது கதை. என் வாய் என்றைக்கு அப்படி முடித்திருக்கிறது? "வெக்கமா இல்லையா ஒனக்கு? நாப்பத்தாறு வயசுல திருடுற புத்தி எங்கிருந்து வந்துச்சு? நம்மள என்னான்னு நெனைப்பாங்க இவங்க?" என்று பொரிந்து தள்ளினேன். அதுவும் போதவில்லை எனக்கு. சுற்றி நின்றவர்களுக்கும் விளங்கட்டும், நான் பாரபட்சம் காட்டாதவள் என்று தெரியட்டும் என்று, சொன்னதையெல்லாம் சிங்களத்தில் திரும்ப ஒருமுறை சொன்னேன். "கிடைத்துவிட்டதே நங்கி, விடு" என்றார் செயலாளர். மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அக்கா கோதைத் தட்டில் வைத்தாள். "எண்ணிக்க. பத்து இருக்கா?" என்றாள்.

"இருக்கு" என்றேன்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் என்னை உட்கார வைத்துவிட்டு அவள் நின்றுகொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து வழக்கம்போலச் சமைத்து, கருவாட்டுத் துண்டில் பெரியதை என் தட்டில் வைத்தாள். எனக்குக் கோபம் அடங்கவில்லை. நான் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். எவ்வளவு கொழுப்பு எனக்கு!

அதற்குப் பிறகு அவள் சுடுதளத்துக்கு வரவில்லை, ரோஷம் என்று நினைத்தேன். மூன்று வாரம் கழித்துத்தான் சொன்னாள். வயிற்றில் கட்டி, முற்றிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கு முந்திய வெள்ளிக்கிழமையே டொக்டர் சொல்லிவிட்டாராம்.

"அதுதான் கடைசின்னு எனக்குத் தெரியும்டி. இனிமே படுத்தா எந்திரிக்க ஏலாது. ஒண்ணே ஒண்ணு கைல வச்சுக்கணும் போல இருந்துச்சு, அவ்வளவுதான்."

"அதச் சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா நீ குடுத்திருப்பியா?"

கொடுத்திருக்க மாட்டேன். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவளைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்த பிறகு ஒரு ஞாயிறு நான் திருடினேன். யாரோ ஒருவர் கொட்டிய பத்தில் ஒன்றை விரலிடுக்கில் ஒளித்துக்கொண்டு, புத்தகத்தில் பத்து என்று எழுதினேன். பஸ்ஸில் ஒரு பொலிஸ்காரர் ஏறி கொண்டக்டரோடு கதைத்துக்கொண்டு வந்தார். அந்த ஆள் இறங்கும்வரை கோது இருந்த கையை நான் திறக்கவே இல்லை. பார்வையாளர் நேரத்துக்கு ஓடிப்போய், போர்வைக்கு அடியில் அவள் கையில் அதை வைத்தேன். ஏதோ பெரிய சாதனை செய்துவிட்டவள் மாதிரி சிரித்தேன் வேறு.

அக்கா கோதைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனாள். அடிப்பக்கத்தைத் திருப்பி விளிம்பை நகத்தால் தடவினாள்.

"இது என் துவக்கு இல்லடி" என்றாள்.

ரவையை அடித்து வெடிக்க வைக்கிற ஊசி, ஒவ்வொரு துவக்கிலும் கோதின் விளிம்பில் ஓர் அடையாளம் விட்டுவிடும். ஒன்றுடையது மற்றதுடையதைப் போல இருக்காது. நாலாம் நம்பரின் ஊசி தேய்ந்தது. அது அடித்தால் நகத்தால் கிள்ளியது போல வளைந்து பதியும். இதில் சதுரமாகப் பதிந்திருந்தது. நாலு வருடம் ஆயிரக்கணக்கில் எண்ணியவள் நான், ஒன்றின் அடியையும் பார்த்ததில்லை. அவள் பார்த்திருக்கிறாள்.

"ரெண்டாம் நம்பரா இருக்கும். கொண்டு போய்ப் போட்ரு. ஒன் புஸ்தகத்துல ஒண்ணு கொறையும்."

"கொறைஞ்சா கொறையட்டும்! நாசமாப் போகட்டும் அந்தப் புஸ்தகம்!"

"கத்தாத. பக்கத்துக் கட்டில் அம்மா இப்பத்தான் கண்ணசந்தாங்க." என் விரல்களை ஒவ்வொன்றாக மடித்து, கோதை என் கைக்குள்ளேயே வைத்து மூடினாள். அவள் கை நெருப்பாகச் சுட்டது. அங்கேயே கட்டிலில் தலையை வைத்து அழுதேன்.

அடுத்த ஞாயிறு அதைத் தட்டில் போட்டேன். அவள் வராத நாளிலிருந்து நாலாம் நம்பரை யாரும் எடுக்கவில்லை. அவள் சுட்ட பழைய கோதுகளும் மூட்டை கட்டி மூன்று மாதத்துக்கொருமுறை கணக்குக் காட்டி ஒப்படைக்கிற இடத்துக்குப் போய்விட்டன. வாற ஞாயிறு நானே அந்தத் துவக்கால் சுட்டு ஒன்று எடுத்துக்கொண்டு போவேன், பார்க்கிறேன் எவன் கேட்கிறான் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன். புதன்கிழமை அவள் போய்விட்டாள்.

குளிப்பாட்டும்போது கழுத்தெலும்புக்குக் கீழே அந்த அரிசித் தழும்பைக் கண்டேன். சுடுதளத்திலிருந்து அவள் கொண்டுபோனது அது ஒன்றுதான். அதையும் எண்ணி வாங்கிவிட என்னால் முடியவில்லை.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து கோதுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். செயலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா ஏன் எடுத்தாள், நான் என்ன திருடினேன், எல்லாம். அவர் மேசை லாச்சியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துப் பிரித்தார். உள்ளே பத்துப் பன்னிரண்டு கடிதங்களின் பிரதி. ஞாபகத்துக்கு என்று யாராவது ஒரு கோது கேட்டால், மூட்டையிலிருந்து ஒன்றை எடுத்து, நடுவில் ஓட்டை போட்டு, இன்னாருக்குக் கொடுத்தோம் என்று கடிதம் எழுதி, கையொப்பமும் முத்திரையும் வைத்துக் கொடுப்பாராம். ஓய்வு பெற்றுப் போன ஒரு டொக்டருக்குக் கொடுத்திருக்கிறார். முதல் பதக்கம் வாங்கிய ஒரு பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறார். கிளப்பில் பாதிப் பேருக்கு இது தெரியும்.

"கேட்டால் போதும். அன்றைக்கே எழுதியிருப்பேன். நாலு வருடத்தில் நீ ஒருமுறைகூட என்னிடம் எதுவும் கேட்டதில்லையே நங்கி" என்றார்.

எப்படிக் கேட்பேன்? கேட்காமல் இருந்தால்தான் நல்ல பெயர் என்று இருந்தவள் அல்லவா நான். கேட்டிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்?

அவர் நாலாம் நம்பர் துவக்கைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து, ஒரு ரவையையும் தந்தார். அவள் பாயில் படுத்தேன். அதற்குமுன் நான் ஒருநாளும் சுட்டதில்லை. குண்டு எங்கே போனதென்று தெரியாது. போல்டை இழுத்தேன், கோது வலப்பக்கம் விழுந்தது. கொடி இறங்கும்வரை காத்திருந்துவிட்டு எடுத்து அடியைப் பார்த்தேன். நகத்தால் கிள்ளிய அடையாளம் இருந்தது.

அவர் அதில் ஓட்டை போட்டார். கடிதத்தாளை எடுத்து வைத்து, பேனாவைத் திறந்து, "யார் பெயருக்கு எழுத?" என்று கேட்டார். என் பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது அக்காவின் பெயர். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு அந்தப் பெயரையே எழுதி முத்திரை குத்தினார்.

கோது இப்போது அலுமாரியில் அவள் சேலைகளுக்கு நடுவில் கடிதத்தோடு இருக்கிறது. இனி யாரும் சோதனைக்கு வரப்போவதில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். வந்தால் கடிதத்தைப் பார்த்துவிட்டு, இந்தப் பெயர்க்காரி எங்கே என்று கேட்பார்கள். அவள் போய்விட்டாள், இருந்தபோது நான் கொடுக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.