ரோமுக்குப் போகாத ஓவியர்

மகள் பிளஸ் டூவுக்காக நாமக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்ததும், நானும் வேலையை விட்டுவிட்டு அவளோடு வந்தேன். எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தெரு முழுக்க ஒற்றை அறை வீடுகள். வீட்டுக்கு ஒரு அம்மா, ஒரு குக்கர். அப்பாக்கள் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வருவார்கள். சேலத்தில் நான் ஓவிய ஆசிரியை. இங்கே டிபன் பாக்ஸ் கட்டுகிறவள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்.

இங்கிருந்தபடியே, ரோமில் மூன்று மாதம் தங்கி வரைய இடம் தரும் ஓர் ஓவியர் அமைப்புக்கு விண்ணப்பித்தேன். எங்கே கிடைக்கப்போகிறது என்ற தைரியம்தான். கிடைத்துவிட்டது. ஜனவரியில் கிளம்ப வேண்டும். மார்ச்சில் மகளுக்குப் பரீட்சை.

அந்த ஆசை நெதர்லாந்து ஓவியர்களிடமிருந்து தொற்றியது. பல நூற்றாண்டுகளுக்கு முன்பு அவர்களில் பலர் இத்தாலிக்குப் போனார்கள். மேகமும் சேறுமாகவே பார்த்து வளர்ந்தவர்கள் அங்கே சாயங்கால வெயிலைக் கண்டு சொக்கிப்போனார்கள். ஊர் திரும்பிய பிறகும் மாடுகள் மேலும் மரங்கள் மேலும் அந்த வெயிலையே பூசினார்கள். ஒருவர் மட்டும் இத்தாலிப் பக்கமே போகாமல், போய்வந்தவர்களின் படங்களைப் பார்த்தே அந்த வெயிலை அற்புதமாக வரைந்தார். இதைக் கணவரிடம் வாய் ஓயாமல் சொல்லியிருக்கிறேன். நுணலும் தன் வாயால் கெடும்.

தகவல் வந்த வாரம், ஞாயிறன்று கணவர் வந்தபோது, "ஏங்க, மூணு மாசம் நீங்க இங்க இருந்து பாத்துக்கறீங்களா?" என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "சேலத்துல என் பட்டறைய யாரு பாக்கறது? அந்தாளு போகாமயேதான வரைஞ்சான்னு சொன்ன. நீயும் இங்கயே உக்காந்து வரை."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த ஆள் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டா வரைந்தார்? கணவரை பஸ் ஏற்றிவிட மகள் போன நேரத்தில், வர இயலாது என்று ரோமுக்கு எழுதி அனுப்பினேன். அழுதேன். பிறகு பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தேன்.

மகள் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். "எனக்காகத்தான் நீ எல்லாத்தையும் விட்டுட்டியாம். நல்லா மார்க் எடுத்து அம்மாவுக்குக் காட்டுன்னு அப்பா சொன்னாங்க."

"சரி, படி சாமி."

"நீ ரோமுக்குப் போயிரும்மா. நான் மெஸ்ஸுல சாப்பிட்டுக்கறேன். நீ இங்கயே இருந்தா உனக்கும் சேர்த்து நான்தான் மார்க் எடுக்கணும். என்னால முடியாதும்மா."

வர இயலாது என்று ஏற்கெனவே எழுதி அனுப்பிவிட்டதைச் சொன்னால் அந்தப் பாரமும் அவள் தலையில்தான் ஏறும்.

"யோசிக்கறேன் சாமி" என்றேன்.