தியெப்புக்குக் கிடைத்த கூடாரம்

பின் யூங் மாகாணத்தில் தைவான்காரர்கள் நடத்தும் ஷூ கம்பெனி ஒன்றில் நாலாவது தயாரிப்பு வரிசைக்குத் தலைவி லுவா. வடக்கிலிருந்து இளம்பெண்ணாக வந்து, பசை தடவுகிற வேலையில் சேர்ந்து, தலைவி ஆனவள். வயது முப்பத்தெட்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "நாற்பது பேரைக் கட்டி மேய்க்கிறேனே, போதாதா?" என்பாள்.

அதே வரிசையில் அவளுக்கு அடுத்த இடத்தில் இருந்தவள் தியெப். வாடகை அறையும் அடுத்ததுதான். கணவன் கோய், ஐந்து வயது மகள் மீத். தியெப் அதிர்ந்து பேச மாட்டாள். லுவாவுக்கு அது பிடிக்கும். எதிர்த்துப் பேசாத ஆள் பக்கத்தில் இருந்தால் யாருக்குத்தான் பிடிக்காது?

பெருந்தொற்று பரவிய வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் லுவாவுடையது. "எனக்கு அலுப்பா இருக்கு, நீ போ" என்று தியெப்பை அனுப்பிவிட்டுத் தலைக்கு ஷாம்பு போட்டுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் வார்டு அலுவலக ஆட்கள் சந்து முனையை அடைக்க முள்கம்பிச் சுருளோடு வந்தார்கள். கடைசி அறையில் ஒருவருக்குத் தொற்று. நுரை வழிய வெளியே ஓடிவந்த லுவா, "நான் வேலைக்குப் போகணும்யா!" என்று கத்தினாள்.

"போகலாம், போகலாம். இப்போ உள்ளே போய்த் தலையை அலசு" என்றான் கம்பி கட்டியவன்.

மறுநாள் மாகாண உத்தரவு வந்தது. ஆட்கள் உள்ளேயே தங்கி, உள்ளேயே சாப்பிட்டு, உள்ளேயே வேலை பார்த்தால் தொழிற்சாலை ஓடலாம். இல்லையென்றால் பூட்டு. ஐரோப்பாவில் சரக்கு வாங்குகிறவர்களோ கப்பலுக்கு நெருக்கிக்கொண்டிருந்தார்கள். ஓவர்டைமுக்கு வந்து உள்ளே மாட்டிக்கொண்டவர்களை வைத்தே ஓட்டுவது என்று மேலாளர் கோ முடிவு செய்தார். நாலாவது வரிசைக்கு உள்ளே இருந்தவர்களில் தியெப்தான் மூத்தவள். அவளைத் தலைவியாக்கினார்.

லுவா செய்தியைக் கைபேசியில் படித்தாள். அந்த ஓவர்டைமுக்கு அனுப்பியது யார்? தன் வாயால்தானே அனுப்பினோம்!

பிறகு படங்கள் வர ஆரம்பித்தன. சரக்குக் கிடங்கில் வரிசையாக நீலக் கூடாரங்கள். ஒவ்வொன்றுக்கும் மின்விசிறி. தட்டில் ஆவி பறக்கும் சோறும் பொரித்த மீனும். கம்பிக்கு இந்தப் பக்கம் லுவா நிவாரணப் பூசணிக்காயையும் நூடுல்ஸையும் மாற்றி மாற்றித் தின்றுகொண்டிருந்தாள். ஒரு காணொளியில் கோ கைதட்ட, தியெப் கூச்சத்தோடு பரிசுப் பொட்டலம் வாங்கினாள். அதை லுவா திரும்பத் திரும்பப் பார்த்தாள். தியெப்பின் சட்டையில் தலைவிகளுக்கான சிவப்புப் பட்டை இருந்தது.

"அக்கா, மீத் அழறாளாம். அவருக்குச் சமாளிக்கத் தெரியலை. கொஞ்சம் பார்த்துக்கறீங்களா?" என்று தியெப் தொலைபேசியில் கெஞ்சினாள்.

"உனக்கென்னம்மா, நீ மகாராணி. நாங்கதான் இருக்கோமே ஆயா வேலைக்கு" என்றாள் லுவா. தியெப் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பும் லுவாவுக்குப் பொறுக்கவில்லை.

ஆனாலும் பார்த்துக்கொண்டாள். தன் பங்கு முட்டையைக் குழந்தைக்கு வேகவைத்துக் கொடுத்தாள், காகிதத்தில் மாடு வரைந்து காட்டினாள். ஒருநாள் மீத் மடியில் உட்கார்ந்து, "அம்மா ஏன் வரலை?" என்று கேட்டது. லுவா கையில் கைபேசி. திரையில் தியெப் மற்ற பெண்களோடு ஆடிக்கொண்டிருந்தாள்.

"பாரு, உங்க அம்மா எவ்வளவு சந்தோஷமா ஆடறா. அங்கேதான் அவளுக்குப் பிடிச்சிருக்கு. இங்கே வர மனசில்லை."

குழந்தை திரையையே பார்த்தது. அழவில்லை. அன்றிலிருந்து அம்மா கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கோய் கெஞ்சினான், மிரட்டினான், ஒன்றும் நடக்கவில்லை. லுவாவுக்கு முதலில் மனசுக்குள் ஒரு குளிர்ச்சி. இரண்டு நாளில் அது போய், குழந்தையின் கண்ணைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. சொன்னது பொய் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

கம்பெனிக்குள்ளும் தொற்று நுழைந்தது. கூடாரங்களோடு எல்லோரையும் தனிமை முகாமுக்கு அனுப்பிக் கதவைப் பூட்டினார்கள். வாங்குகிறவர்கள் பாதி வேலையை இந்தோனேசியாவுக்கு மாற்றிவிட்டார்கள். அக்டோபரில் திறந்தபோது பாதி வரிசைகளே மிஞ்சின. நாலாவது தப்பியது. ஆனால் தலைவி தியெப்தான். "கஷ்டத்துல உள்ளே நின்னவங்களுக்குத்தான் முதலிடம்" என்றார் கோ. லுவா அவளுக்குக் கீழே சோதனை மேசையில் உட்காரலாமாம்.

அன்று மாலை, கம்பி எடுக்கப்பட்ட சந்துக்குள் தியெப் மெலிந்து போய் வந்தாள். பையைப் போட்டுவிட்டுக் கையை நீட்டினாள். மீத் ஓடிப்போய் லுவாவின் காலைக் கட்டிக்கொண்டது.

"நீ அங்கேயே போ. உனக்கு அங்கேதானே பிடிச்சிருக்கு."

தியெப் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இவளுக்கு யாரு அக்கா இப்படிச் சொல்லிக் கொடுத்தது?"

"சின்னப் பிள்ளைதானே, எங்கேயாவது கேட்டிருக்கும். மறந்துடும்" என்றாள் லுவா.

அந்த வாரம் தியெப்பின் ஊர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாக மோட்டார் சைக்கிளில் தெற்கே ஆற்று டெல்டாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தியெப்பும் போக முடிவு செய்தாள். "எனக்கு இந்தப் பதவி வேணாம்கா. பிள்ளைதான் வேணும். கோ கிட்ட உங்க பேரைச் சொல்லிட்டேன்" என்றவள், சிவப்புப் பட்டையைத் துவைத்து மடித்து லுவாவிடம் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினாள். லுவா கையசைத்தாள். மீத் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் விறைப்பாக உட்கார்ந்திருந்தது.

லுவா மறுபடியும் தலைவியானாள். சில மாதங்களுக்குப் பிறகு, சாப்பாட்டு இடைவேளையில் ஒரு படம் வந்தது. சொந்த ஊரான சோக் திராங்கில் வாய்க்கால் கரையில் தியெப். அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கும் மீத். லுவா அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பழைய எரிச்சல் கிளம்பியது. இப்போது அது பதவிக்காக இல்லை.

'பிள்ளை கறுத்துட்டா, வெயில்ல விடாதே' என்று எழுதி அனுப்பினாள்.

உடனே பதில் வந்தது. 'உங்களைத்தான் கேட்டுட்டே இருக்கா. லீவு போட்டு வாங்கக்கா.'

லுவா கைபேசியைக் குப்புறக் கவிழ்த்தாள். அன்று மதியம் முழுக்க, வரிசையில் ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லோரும் அவளிடம் திட்டு வாங்கினார்கள்.