கணவர் புலம்பலில் ஓர் இலத்திரன்

யாழ்ப்பாணத்தில் நெல்லியடிக்குக் கிட்ட ஒரு கல்லூரியில் ஆழ்வாப்பிள்ளை ஆய்வுகூட உதவியாளராக இருந்தார். குடுவை கழுவுவது, காந்தம் துடைப்பது, மாஸ்ரர் கேட்கப்போகும் கம்பியை முன்கூட்டியே நீட்டுவது. இத்தோடு நின்றிருந்தால் ஊர் அவரை மன்னித்திருக்கும். 1958இல், அணுவுக்குள் இருக்கும் இலத்திரனைப் பற்றிச் சொந்தமாக ஒரு கொள்கையைக் கண்டுபிடித்துவிட்டார்.

புத்தகம் இலத்திரனை வெறும் புள்ளி என்றது. நீளமில்லை, அகலமில்லை, உள்ளே ஒன்றுமில்லை. ஆனாலும் அது ஒரு சின்னக் காந்தமாம். ஆழ்வாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. மின் ஓடாமல் காந்தம் ஏது? இடமே இல்லாத புள்ளிக்குள் மின் எங்கே ஓடும்? ஆகவே இலத்திரன் ஒரு வளையம். மின் அதில் ஓய்வில்லாமல் சுற்றுகிறது. கடல் கடந்த நாடுகளில் வேறு சிலரும் அப்படி நினைத்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மனம் நொந்திருப்பார்.

மாதிரிக்கு, மனைவி குணலட்சுமி தண்ணீர்ப் பானையை இருத்தும் திருகணையை எடுத்துக்கொண்டார். பனையோலையில் பின்னிய வளையம் அது. குசினியில் வைத்துச் சுழற்றிச் சுழற்றி விளக்கினார். புருஷன் கதைப்பதைக் கேட்கும் பெண்கள் குடாநாட்டில் நிறைய உண்டு. குணலட்சுமி விளங்கிக்கொண்டும் கேட்டார். அதுதான் வினையாயிற்று.

"ஒரே மாதிரி மின் ஒண்டையொண்டு தள்ளும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? அப்ப உந்த வளையம் சிதறிப்போகாமல் ஆர் பிடிச்சு வைச்சிருக்கினம்?"

"நாளைக்குச் சொல்லுறன்" என்றார் விஞ்ஞானி.

அந்த நாளை பதினெட்டு வருடம் நீண்டது. கொழும்புப் பேராசிரியர் ஒருவருக்கு எழுதினார். 'இலத்திரன் புள்ளிதான், தங்கள் உடல்நலத்தைக் கவனிக்கவும்' என்று பதில் வந்தது. அதை அவர் பொருட்படுத்தவில்லை. குணலட்சுமியின் கேள்விதான் உறுத்தியது. அவரோ தேத்தண்ணி கொடுக்கும்போதெல்லாம், "இஞ்சருங்கோ, நாளைக்கு வந்திட்டுதோ?" என்று விசாரிப்பார்.

1976 மாசியில், மூன்று நாள் காய்ச்சலில் குணலட்சுமி போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருபவர்களுக்குக் கல்வெட்டுப் புத்தகம் கொடுப்பது எங்கள் வழக்கம். அட்டையில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரம், பிறகு புலம்பல்கள். அச்சகக்கார இளையதம்பியிடம் எல்லா உறவுக்கும் புலம்பல் தயாராக இருந்தது. பெயரை மாற்றினால் கண்ணீர் பொருந்திவிடும். பிள்ளைகள் இல்லாதபடியால் கணவர் புலம்பலுக்கு இரண்டு பக்கம் கிடைத்தது. ஆழ்வாப்பிள்ளை அதில் தன் கொள்கையை முழுதாக எழுதிக் கொடுத்தார்.

இளையதம்பி வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "அண்ணை, உதிலை அழுகையைக் காணேல்லையே."

"இருக்கு. கடைசி வரியைப் பாரும்."

கடைசி வரி: 'வளையத்தைச் சிதறாமல் பிடித்திருப்பது எது என்று கேட்டாய். விடை எனக்குத் தெரியவில்லை.'

அந்தியேட்டிக்கு இரண்டு நாள் முன்பு, பானையைக் கழுவ அவரே தூக்கினார். திருகணை கையோடு வந்து ஓலை ஓலையாகக் கழன்றது. குந்தியிருந்து பார்த்தார். வெள்ளோலைக்கு அடியில் பழுத்த ஓலை, அதற்கு அடியில் இன்னும் பழையது. இளகிய இடமெல்லாம் வருடாவருடம் செருகிப் பின்னியிருந்தது. அவர் சுழற்றிச் சுழற்றிக் காட்டிய வளையத்தை, அவர் வேலைக்குப் போன பிறகு குசினியில் ஒருவர் இருந்து இறுக்கியிருக்கிறார். பதினெட்டு வருடம் அது தன்பாட்டில் நிற்கிறது என்றே ஆழ்வாப்பிள்ளை நம்பியிருந்தார். ஆராய்ச்சியாளர்களுக்கு இப்படியான கவனக்குறைவு சகஜம்.

அச்சகத்துக்கு நடந்தார். முந்நூறு பிரதியும் கட்டி வைத்தாயிற்று. கட்டை அவிழ்த்து, பேனையால் ஒவ்வொன்றிலும் 'தெரியவில்லை' என்பதை வெட்டி, 'தெரிந்துவிட்டது' என்று எழுதினார்.

"ஆர் அண்ணை உதைப் பாக்கப் போகினம்?" என்றான் இளையதம்பி. அவர் அடுத்த பிரதியை எடுத்தார்.

அந்தியேட்டிக்கு வந்த சனம் அதை அச்சுப்பிழை என்று எடுத்துக்கொண்டு, பெருந்தன்மையாக மன்னித்து, வடை பாயசத்தோடு சாப்பிட்டுப் போயிற்று. என்ன விடை என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்கக்கூடியவர் முந்நூறு அட்டையிலும் இருந்தார்.