சிவப்புத் துணி கட்டிய பாத்தி

ஞாயிற்றுக்கிழமை காலை, மாட்டுக்குப் புல் அறுக்கத் தொம்மலூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ரோசம்மாவின் மகள் போன் செய்தாள். "மாமா, அம்மா போயிட்டாங்க. இன்னிக்குப் புல்லுக்கு வராதீங்க, அம்மாவைப் பார்க்க வாங்க." அரிவாளை வைத்துவிட்டுப் போனேன்.

அவரிடம் புல் அறுத்துப் போன நம் எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன். எழுத்து எனக்குப் புதிது. ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது.

தொம்மலூரில் ஆபீஸ் கட்டடங்களுக்கு நடுவே காலியாகக் கிடந்த மனையை வாடகைக்கு எடுத்து, பாத்தி கட்டித் தீவனப்புல் வளர்த்தார் ரோசம்மா. ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் யூரியா தூவித் தண்ணீர் விடுவார். புல் இன்னும் பச்சையாக வர யூரியா இரண்டு கை கூடப் போடச் சொன்னால், "புல்லு உங்க மாட்டுக்கா, போட்டோ பிடிக்கவா?" என்பார்.

யூரியா போட்ட பாத்தியில் மூன்று வாரம் அரிவாள் படக்கூடாது; அதற்குள் அறுத்த புல் மாட்டுக்கு விஷம். அதைத் தகரத்தில் எழுதி நட்டு வைப்பார். அப்போது எனக்குப் படிக்கத் தெரியாது. அதைச் சொல்லவும் வெட்கம். ஒருநாள் அவர் இல்லாத நேரத்தில், கருகருவென்று செழித்து நின்ற பாத்தியையே ஆசைப்பட்டு அறுத்தேன். அதைத் தின்ற என் பசு மதியத்துக்குள் மூச்சுத் திணறி விழுந்தது.

ரோசம்மாதான் மாட்டு டாக்டரை ஆட்டோவில் கூட்டி வந்தார். டாக்டர் நீல நிற மருந்தை நரம்பில் ஏற்றினார். பசு எழும் வரை அதன் தலையை மடியில் வைத்திருந்தார் ரோசம்மா.

"போர்டைப் பார்க்கலையாண்ணா?"

நான் பசுவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"கேவலமா இருந்துச்சும்மா."

"எழுதி வச்சா போதும்னு நெனச்சேனே, அது என் தப்புண்ணா."

மறுநாள் முதல் ஒவ்வொரு போர்டுக்குப் பக்கத்திலும் ஒரு குச்சி. அதில் அவருடைய பழைய சிவப்புச் சேலையின் கிழிசல். ஏன் என்று நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். "காக்கா வராம இருக்க" என்றார். அந்தக் காக்கா நான்தான்.

பிறகு என்னை ஆஸ்டின் டவுன் மாலை வகுப்பில் சேர்த்துவிட்டார். போர்டை முதல்முறை எழுத்துக்கூட்டிப் படித்த அன்று, "சத்தமா படிங்க, மாட்டுக்கும் கேக்கட்டும்" என்று சிரித்தார்.

அவருக்கான ஜெபம் முடிந்த மறுவாரம், அவர் மகளும் நானும் யூரியா தூவினோம். போர்டை நானே எழுதினேன். பிறகு குச்சியில் துணி கட்டினேன்.

"இப்பதான் படிக்கிறீங்களே மாமா, துணி எதுக்கு?"

"சொல்ல வெட்கப்படுறவன் இன்னும் எவனாவது வருவாம்மா."

போர்டில் இருப்பது என் கையெழுத்து. அந்த முடிச்சு மட்டும் ரோசம்மா போட்டது போலவே இருக்கிறது.